அறிவித்தலும் அறமும்

முதுமை என்பது மனித வாழ்வில் எவராலும் தவிர்க்கமுடியாத பருவமாகும். இளமையில் எமக்கு வேண்டியவற்றை நாமே தேடிக்கொள்கின்றோம். முதுமையிலோ உண்பதற்கும் நடப்பதற்கும் படுக்கையில் புரள்வதற்குங்கூடப் பிறர் கையை எதிர்பார்க்கவேண்டிய நிலை வந்து சேர்கின்றது. இவ்வாறு பிறர் கையில் தங்கி வாழும் ஒருவருக்குக் கிடைத்துவரும் உதவி ஒருநாள் நிறுத்தப்படவேண்டி வந்தால், அதனை அவருக்கு எப்போது சொல்வது? எவ்வாறு சொல்வது? அவரிடமே சொல்வதா, அவருடைய பிள்ளைகளிடம் சொல்வதா? சொல்லவேண்டிய கடமை எப்போது நிறைவேறியதாகும்? இவை சிறிய வினாக்கள் போலத் தோன்றினும் அறத்தின் அடிப்படையைத் தொடும் வினாக்களேயாகும்.

இவ்வினாக்களுக்குச் சட்டத்தின் வாயிலாக விடைகாண முயன்ற நாடுகளில் ஒன்று ஐக்கிய அமெரிக்கா. அங்கே ஏறத்தாழ 15,000 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் சுமார் 12 இலட்சம் பேர் தங்கியிருக்கின்றனர். அவர்களுள் அரச காப்புறுதியினால் செலவு செலுத்தப்படும் ஒருவருக்கு அக்கொடுப்பனவு முடிவடையப் போகின்றதென்றால், அதனை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்று விதி செய்திருக்கின்றார்கள். கடல்கடந்த நாடொன்றின் விதியை ஆலய மலரில் ஆராய்வது ஏன் என்று அடியார்கள் சிலர் கேட்கலாம். எமது உறவினர் பலர் இன்று வெளிநாடுகளில் முதுமை எய்திவருகின்றனர். அமெரிக்காவில் வாழ்வோரும் அவர்களுள் உளர். அதனிலும் மேலாக, ஒருவருக்குக் கிடைத்துவருவதை நிறுத்துமுன் அவருக்குச் சொல்லவேண்டும் என்னும் கடமை எல்லா நாட்டவர்க்கும் பொதுவானது. அக்கடமை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அறிந்துகொள்வதற்கு இந்த விதி நல்லதோர் உரைகல்லாக அமைகின்றது.

மெடிகெயார் என்னும் காப்புறுதி

ஐக்கிய அமெரிக்காவில் 65 வயதை எட்டியோருக்கும், குறித்த சில வலுவிழப்புகளை உடையோருக்கும் சமஷ்டி அரசு நடத்தும் மருத்துவக் காப்புறுதித் திட்டமே மெடிகெயார் ஆகும். 1965ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் திகதி ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டத்தினால் இது உருவாயிற்று.

முதியோர் இல்லத்தில் ஆயுள் முழுவதும் தங்கியிருப்பதற்கு இத்திட்டம் பணம் கொடுப்பதில்லை. வழமையான மெடிகெயாரில், வைத்தியசாலையில் தொடர்ந்து மூன்று நாட்களாவது உள்நோயாளியாக இருந்தபின்னர், தாதியரின் அல்லது இயன்மருத்துவரின் தேர்ச்சிபெற்ற சேவை நாளாந்தம் தேவைப்படுவோருக்கு மட்டுமே, ஒரு நோய்க்காலத்திற்கு ஆகக்கூடியது 100 நாட்கள்வரை கொடுக்கப்படுகின்றது. முதல் 20 நாட்களுக்கு மெடிகெயார் முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். 21ஆம் நாள் தொடக்கம் நோயாளியும் ஒரு பங்கைச் செலுத்தவேண்டும். 2025ஆம் ஆண்டில் அப்பங்கு நாளொன்றுக்கு 209.50 டொலராக இருந்தது.

இந்த 100 நாட்களும் எல்லோருக்கும் நிச்சயமாகக் கிடைப்பவை என்று எண்ணிவிடலாகாது. 100 என்பது உச்ச எல்லை மாத்திரமே. இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்தபின் ஒரு மூதாட்டி இல்லமொன்றில் நடைப்பயிற்சி பெற்றுவருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். இனி அவருக்குத் தேர்ச்சிபெற்ற சேவை தேவையில்லை என்று முடிவுசெய்யப்பட்டால், 18ஆம் நாளிலோ 30ஆம் நாளிலோ கொடுப்பனவு நின்றுவிடும். அதன்பின்னர் அங்கே தங்கியிருப்பதற்கான முழுச் செலவும் அவர் தலையிலேயே விழும். கையில் வசதியில்லாதவர் வறியோருக்கான மெடிகெய்ட் என்னும் வேறொரு திட்டத்தை நாடவேண்டும்.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. கொடுப்பனவு நின்ற மறுநாளும் அம்மூதாட்டி அதே கட்டிலிலேதான் படுத்திருப்பார். அதே தாதி வந்து அதே மருந்தைக் கொடுப்பார். சாப்பாட்டு நேரமும் மாறாது. மாறியது யாருடைய கணக்கில் அந்த நாள் எழுதப்படுகின்றது என்பது மட்டுமே. மழை வருவதை மேகம் காட்டும். நோய் வருவதை உடம்பு காட்டும். இந்த மாற்றத்தையோ ஒருவர் வாய்திறந்து சொன்னாலன்றி அவரால் எவ்வகையிலும் அறிந்துகொள்ள முடியாது. அறிந்தவருக்குச் சொல்லவேண்டிய கடமை பிறப்பது இந்த இடத்திலேதான்.

இரண்டு நாள் அவகாசம்

தேர்ச்சிபெற்ற சேவை தேவையில்லை என்ற காரணத்தால் கொடுப்பனவு நிறுத்தப்படும்போது, அது முடிவடைவதற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்னர் எழுத்துமூல அறிவித்தல் கொடுக்கப்படவேண்டும். கொடுப்பனவின் கடைசி நாள் வியாழக்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமைக்குப் பிந்தாமல் அது நோயாளியின் கையில் இருக்கவேண்டும். அந்தத் தாளில் கடைசி நாள் எது என்பதும், முடிவை ஏற்காவிடின் எந்த அமைப்பிடம் முறையிடலாம் என்பதும், அதன் தொலைபேசி இலக்கமும் எழுதப்பட்டிருக்கும். முறையிட விரும்புவோர் புதன்கிழமை நண்பகலுக்கு முன் அழைக்கவேண்டும். அழைப்புக் கிடைத்ததும், நிறுத்துவதற்கான காரணத்தை விரிவாக எழுதிய இரண்டாவது தாளொன்றையும் நோயாளிக்குக் கொடுக்கவேண்டும். இல்லத்தையோ காப்புறுதி நிறுவனத்தையோ சாராத ஓர் அமைப்பு மருத்துவப் பதிவுகளைப் பார்த்துச் சில நாட்களுள் தீர்ப்புச் சொல்லும். தீர்ப்பு எதிராக அமைந்தால் கடைசி நாளுக்குப் பிந்திய செலவு நோயாளியைச் சாரும்.

இந்த ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. 1970ஆம் ஆண்டில் கோல்ட்பேர்க் எதிர் கெலி என்ற வழக்கில் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், வறியோருக்கான அரச உதவியை நிறுத்துவதற்கு முன்னரே அவருடைய பக்கத்தைக் கேட்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிறுத்திவிட்டுப் பின்னர் விசாரிப்பது, அந்த உதவியினாலேயே உயிர்வாழும் ஒருவருக்குப் பயன்தராது என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். பின்னர் 1990களில், தனியார் நிறுவனங்கள் வாயிலாக மெடிகெயார் பெற்றுவந்த அரிசோனா மாநில முதியோர், தமக்குரிய சேவைகள் தக்க அறிவித்தலின்றி மறுக்கப்படுவதாக வழக்குத் தொடுத்தனர். கிரிஜல்வா வழக்கு என அறியப்பட்ட அது இணக்கத்தில் முடிந்தது. அதன்பின்னர் 2004ஆம் ஆண்டு தொடக்கம் தனியார் வழித் திட்டங்களில் உள்ளோருக்கும், 2005 யூலை தொடக்கம் வழமையான மெடிகெயாரில் உள்ளோருக்கும் இந்த அறிவித்தலும் விரைவான முறையீடும் நடைமுறைக்கு வந்தன. 

அறிவித்தலை முறையாகக் கொடுக்கத் தவறினால் என்னாகும்? வழமையான மெடிகெயாரில், முறையான அறிவித்தல் கிடைத்து இரண்டு நாட்கள் செல்லும்வரை ஏற்படும் செலவை அந்த இல்லமே ஏற்கவேண்டும். சொல்லவேண்டியவர் சொல்லாதிருந்தால், அறியாதிருந்தவர் அதன் பாரத்தைச் சுமக்கலாகாது என்பது இதன் கருத்து. இவ்விதியில் அறம் மிகத் தெளிவாகப் பேசுமிடம் இதுவென்றே கூறலாம்.

கொடுத்தலும் உணர்த்தலும்

எனினும் சட்டம் சென்று நின்றுவிடும் எல்லையொன்று உண்டு. தாள் கொடுக்கப்பட்டதா, திகதி சரியா, கையொப்பம் இருக்கின்றதா என்பவற்றைச் சட்டம் பார்க்கும். நோயாளி கையொப்பமிட மறுத்தாலும், மறுத்தார் என்ற குறிப்பைத் திகதியுடன் எழுதிவைத்தால் அறிவித்தல் செல்லுபடியாகும். கையொப்பமிடுவது அறிவித்தலைப் பெற்றுக்கொண்டதற்கே அன்றி, முடிவை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமன்று. ஆனால் கண்ணாடி இன்றி வாசிக்கமுடியாத ஒருவரிடம், வலி மருந்தின் மயக்கத்தில் இருக்கும் நேரத்தில், பல தாள்களுள் ஒன்றாக இதனையும் நீட்டி, இதிலும் ஒரு கையொப்பம் வையுங்கள் என்று சொன்னால் என்னாகும்? தாள் கைமாறிவிட்டது, செய்தி கைமாறவில்லை. கோப்பில் எல்லாம் சரியாக இருக்கும். அந்த முதியவரோ எதையும் அறியாதவராகவே இருப்பார்.

ஆகவே அறிவித்தல் என்ற சொல்லின் பொருளை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அறிவித்தல் என்பது அறியச் செய்தல். கேட்டவர் அறிந்தாலன்றி அச்சொல்லுக்குப் பொருளில்லை. விதையை நிலத்தின்மேல் எறிந்துவிட்டு விதைத்துவிட்டேன் என்று சொல்லும் கமக்காரன் எவனும் இல்லை. மண்ணுக்குள் இறங்கினால்தான் அது விதைப்பு. இதனை மூன்று நிபந்தனைகளாகக் கூறலாம். முதலாவது, கேட்பவருக்குச் செய்தி விளங்கவேண்டும். இரண்டாவது, காரணமும் விளங்கவேண்டும். மூன்றாவது, அறிந்தபின் ஏதேனும் செய்வதற்கு நேரமும் வழியும் எஞ்சியிருக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடமை முழுமையாக நிறைவேறவில்லை.

காரணம் ஏன் விளங்கவேண்டும் என்பதற்கு ஜிம்மோ வழக்கு நல்ல சான்று. நோயாளியின் நிலையில் முன்னேற்றம் காணப்படவில்லை, ஆகவே சேவை தேவையில்லை என்று கூறிக் கொடுப்பனவை நிறுத்தும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. 2013ஆம் ஆண்டில் வேர்மொன்ட் மாநிலத்துச் சமஷ்டி நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி, முன்னேற்றம் ஏற்படுமா என்பது மட்டும் அளவுகோலாக இருக்கலாகாது எனத் தெளிவாக்கப்பட்டது. நிலைமை மோசமடையாமல் காப்பதற்குத் தேர்ச்சிபெற்ற சேவை தேவைப்படின், அதற்கும் மெடிகெயார் கொடுக்கவேண்டும். இதனை அறியாத முதியவரிடம் முன்னேற்றம் இல்லை என்று ஒருவர் சொன்னால், ஆம், எனக்கு வயதாகிவிட்டது என்று தலையாட்டிவிடுவார். காரணம் தவறானதாக இருந்தாலும் அதனை அவரால் கண்டுகொள்ள முடியாது.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. 2024ஆம் ஆண்டளவில் மெடிகெயார் பெறுவோரில் அரைப்பங்கிற்கும் மேற்பட்டோர் தனியார் காப்புறுதி நிறுவனங்களின் திட்டங்களிலேயே இருந்தனர். அவர்களுடைய கொடுப்பனவை நிறுத்தும் முடிவைத் தொலைவிலுள்ள நிறுவனம் எடுக்கும். தாளை நோயாளியின் கையில் கொடுப்பதோ இல்லத்தின் ஊழியர். முடிவெடுத்தவர் அம்முதியவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்ப்பவருக்கு முடிவை மாற்றும் அதிகாரம் இல்லை. ஏன் என்று அம்முதியவர் கேட்டால், எனக்குத் தெரியாது என்று அந்த ஊழியர் தலைகுனிய நேரிடும். அந்த ஊழியரைக் குறைகூறுவது நியாயமன்று. ஆயினும் அவருக்கும் ஒரு கடமை எஞ்சியிருக்கின்றது. அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டலாம். தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு அன்றே அழைத்துச் சொல்லலாம். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். மேலே கூறிய அறிவித்தல், சேவை தேவையில்லை என்ற முடிவின்பேரில் நிறுத்தும்போதே கொடுக்கப்படுவது. 100 நாட்களும் முடிந்து கொடுப்பனவு தானாக நின்றுபோகும்போது இத்தாளைக் கொடுக்கவேண்டியதில்லை. நோய்ப் படுக்கையில் கிழமையும் திகதியும் மறந்து கிடப்பவர் 100 வரை எண்ணிக்கொண்டிருப்பாரா? கணக்கை வைத்திருப்பவர் இல்லத்தின் அலுவலகத்தில் இருக்கின்றார். எண்ணத் தெரிந்தவரே சொல்லவேண்டியவர். இத்தாள் வேண்டியதில்லை என்று சட்டம் சொல்லியதால், வாயால் சொல்லவேண்டிய கடமை இல்லாமற் போய்விடுவதில்லை.

மறைப்பது அன்பா?

இதற்கு மாறான வாதங்களையும் நாம் ஒதுக்கிவிடலாகாது. நோயுற்ற முதியவரிடம் இத்தகைய செய்தியைச் சொன்னால் அவர் மனமுடைந்துபோவார், நோய் அதிகரிக்கும், ஆகவே அவருக்குச் சொல்லாமல் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளலாம் என்று அன்பின் மிகுதியாற் கூறுவோர் உண்டு. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவப் பெருந்தகையே கூறியிருக்கின்றார் என்று அவர்கள் எடுத்துக்காட்டவும் கூடும்.

வள்ளுவர் அங்கே விதித்த நிபந்தனையை நாம் மறந்துவிடலாகாது. விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும். கொடுப்பனவு நிற்பதை மறைப்பதால் ஓரிரு நாள் அமைதி கிடைக்கலாம். அந்த ஓரிரு நாளிலேயே முறையிடும் நேரம் கடந்துபோகும். கடன் ஏறத் தொடங்கும். பின்னர் ஒருநாள் உண்மை தெரியவரும்போது, எனக்கு ஏன் சொல்லவில்லை என்ற துயரம் பணத்துயரத்திலும் பெரிதாக இருக்கும். இத்தகைய மறைப்பைக் குற்றமற்ற நன்மை என்று கூறமுடியாது.

ஆயினும் இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். மறதிநோய் முற்றி எதையும் விளங்கிக்கொள்ள இயலாதவரிடம் தாளை நீட்டுவதில் பயனில்லை. சட்டமும் அதனை ஏற்றுக்கொண்டுள்ளது. அத்தகையோருக்காக அவருடைய பிரதிநிதிக்கு அறிவிக்கலாம். தூரத்தில் உள்ளவராயின் தொலைபேசியில் சொல்லி, எழுத்திலும் அனுப்பவேண்டும். ஆனால் விளங்கிக்கொள்ளும் ஆற்றலுடைய ஒருவரை, வயதானவர் என்ற காரணத்திற்காக மட்டும் ஒதுக்கிவிட்டு அவருடைய தலைக்கு மேலாகப் பிள்ளைகளுடன் பேசுவது வேறு. அவருடைய உடம்பைப் பற்றியும் அவருடைய பணத்தைப் பற்றியும் நடக்கும் பேச்சில் முதலிடம் அவருக்கே உரியது. பிள்ளைகள் அருகில் இருப்பது துணைக்காகவே.

இரண்டு நாட்கள் போதாது, இரண்டு கிழமைக்கு முன்னரே சொல்லவேண்டும் என்போரும் உளர். நோய் எந்நாளில் எவ்வளவு குணமாகும் என்பதை எந்த வைத்தியராலும் துல்லியமாக முன்கூட்டிக் கூறமுடியாது. மிக முந்திச் சொன்னால் அது தவறாகிப் போய் வீண் பயத்தைத் தரலாம். இதுவும் நியாயமே. எனவே இரண்டு நாள் என்பதைக் கடமையின் முடிவாகக் கொள்ளாமல் அதன் கீழெல்லையாகக் கொள்வதே பொருத்தமாகும். திகதியை முந்திச் சொல்லமுடியாவிடினும், இக்கொடுப்பனவு என்றோ ஒருநாள் நிற்கும், அது இன்ன காரணத்தால் நிற்கும், அப்போது முறையிட இன்ன வழியுண்டு என்பவற்றை இல்லத்திற்கு வந்த முதல் கிழமையிலேயே சொல்லிவைக்கலாம். அவ்வாறு சொல்லப்பட்டவருக்கு இரண்டு நாட்கள் போதும். எதுவும் அறியாதவருக்கு அதே இரண்டு நாட்கள் இடிவிழுந்தது போலாகும்.

மார்க்கண்டேயர் காட்டும் வழி

முடிவை முன்கூட்டி அறிந்தவர் ஒருவரின் வரலாற்றை நாம் எல்லோரும் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கின்றோம். மார்க்கண்டேயருக்குப் பதினாறு வயதே எல்லை என்பதை அவருடைய தாய்தந்தையர் அறிந்திருந்தனர். அன்பினால் அதனை நெஞ்சில் மறைத்து வைத்து வாடினர். பிள்ளை அவர்களின் வாட்டத்தைக் கண்டு காரணத்தைக் கேட்டபோது உண்மையைச் சொன்னார்கள். கேட்ட பிள்ளை கலங்கிக் கிடக்கவில்லை. செய்யவேண்டியது எது என்று தேர்ந்து சிவபூசையில் அமர்ந்தார். காலன் வந்தபோது இறைவனைப் பற்றிக்கொண்டார், காக்கப்பட்டார்.

இவ்வரலாற்றின் பக்திப் பெருமையை நாம் அறிவோம். அதனுள்ளே நாம் இங்கு பேசும் பொருளும் அடங்கியிருக்கின்றது. தாய்தந்தையர் இறுதிவரை மறைத்திருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பூசைக்கும் நேரமிருந்திராது, பற்றிக்கொள்ளவும் தோன்றியிராது. கசப்பான செய்தியே அவருக்குக் காலத்தைக் கொடுத்தது. செய்தியோடு, செல்லத்தக்க ஓரிடமும் அவருக்கு இருந்தது. அறிவித்தலும் முறையிடும் வழியும் ஒன்றையொன்று பிரியாதவை. வழி இல்லாத அறிவித்தல் வெறும் பயமுறுத்தல். அறிவித்தல் இல்லாத வழி பூட்டிய கதவு.

பிள்ளைகளின் கடமை

அமெரிக்காவில் தாய்தந்தையரோ உறவினரோ இத்தகைய இல்லத்தில் இருப்பாராயின், பிள்ளைகள் செய்யத்தக்கவை சில உள. இல்லத்தில் சேர்ந்த நாள் தொடக்கம் நாட்களை எண்ணிவரவேண்டும். வழமையான மெடிகெயாரா, தனியார் வழித் திட்டமா என்பதை அறிந்து வைத்திருக்கவேண்டும். தம் தொலைபேசி இலக்கம் இல்லத்தின் பதிவில் சரியாக உள்ளதா என்று பார்க்கவேண்டும். படிவம் ஸ்பானிய மொழியிலும் உண்டு; தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. அறிவித்தல் வந்தால் அன்றே முறையிடுவதா என்பதை முதியவரோடு சேர்ந்து தீர்மானிக்கவேண்டும். நண்பகல் எல்லை தவறிவிட்டாலும் முயற்சியைக் கைவிடவேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு தொடக்கம் தனியார் வழித் திட்டங்களில் உள்ளோரின் பிந்திய முறையீட்டையும் அதே சாராத அமைப்பே ஆராய்கின்றது.

எல்லா முறையீடும் வெல்லும் என்பதற்கில்லை. கொடுப்பனவு நிற்பது சில வேளைகளில் சரியான முடிவாகவே இருக்கும், பொதுப்பணம் எல்லையற்றதன்று. சரியான முடிவானாலும் சொல்லப்பட்டே நிறைவேற்றப்படவேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. நிறுத்துவது சில வேளைகளில் தவிர்க்கமுடியாதது. சொல்லாமல் நிறுத்துவது எவ்வேளையிலும் தவிர்க்கக்கூடியதே.

முதியவர் ஒருவருக்கு நாம் கொடுக்கும் மதிப்பு, வணங்கி நிற்பதிலும் பொன்னாடை போர்த்துவதிலும் மட்டும் தங்கியிருக்கவில்லை. அவரைப் பற்றிய முடிவை அவருக்குச் சொல்கின்றோமா என்பதில் அம்மதிப்பு உரசிப் பார்க்கப்படுகின்றது. சொல்லும்போது அருகில் அமர்ந்து, விளங்கும் சொற்களால், காரணத்தோடு, நேரம் இருக்கும்போதே சொல்வோம். கேட்டபின் அவர் கேட்கும் வினாக்களுக்கும் இருந்து விடையளிப்போம். தாளைக் கொடுத்ததோடு சட்டத்தின் கடமை முடியலாம். அவர் விளங்கிக்கொண்டார் என்பதை அறியும்வரை எமது கடமை முடிவதில்லை.